புல் வராத இடங்கள்

பிப்ரவரி 3, திங்கள்

நான்கு மாதங்களாக எனக்கு வேலை இல்லை. இதை இவ்வளவு சுருக்கமாக எழுத முடியும் என்று இன்றுதான் தெரிகிறது. இதுவரை கேட்டவர்களிடம் எல்லாம், "அடுத்த கட்டத்துக்குப் போகலாம்னு வெளிய வந்துட்டேன்" என்று சொல்லி வந்தேன். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினாறு வருடம். கடைசிப் பதவி, உள்ளடக்கப் பிரிவின் தலைவர். கடைசி ஒரு வருடம் அந்தப் பிரிவில் நான் மட்டுமே இருந்தேன். தலைவரை அனுப்பியதும் பிரிவும் கூடவே போய்விட்டது.

நேற்று கிருபாகரன் வந்தான். என் மனைவி வசந்தமணியின் தம்பி. ஒண்டிப்புதூர்ப் பக்கம் நர்சரி வைத்துக்கொண்டு வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் தோட்டம் போட்டுக் கொடுக்கிறான். பெயர்ப் பலகையில் 'லேண்ட்ஸ்கேப்பிங்' என்று இருக்கும். கல்யாணமாகி இருபது வருடமாக நான் அதைச் 'செடி வேலை' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

"மாமா, நம்ம வெப்சைட்டக் கொஞ்சம் பாத்துக் குடுங்க. பேருக்குத்தான் கெடக்குது. அதப் பாத்து நாலு பேரு வந்தாங்கன்னா நல்லா இருக்குமுங்க."

உடனே ஒப்புக்கொண்டால் என் தகுதி என்ன ஆவது? போனை எடுத்து நாட்காட்டியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். பதினெட்டாம் தேதி பல் டாக்டர். அதைத் தவிர டிசம்பர் வரை வெறும் கட்டங்கள். "கொஞ்சம் டைட்டாத்தான் இருக்குது மாப்ளே. அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்" என்றேன்.

சமையலறையில் வசந்தமணி ஏதோ ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை மீசையைத் திருத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கிருபாவின் வெப்சைட்டை ஆராய்ந்தேன். ஆராய்ச்சி ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. ஒரே பக்கம். மங்கலான ஒரு செம்பருத்திப் படம், அதன் ஓரத்தில் யாருடையதோ கட்டைவிரல். கீழே ஒரு போன் நம்பர்.

அந்த நம்பரைக் கூப்பிட்டேன். பொள்ளாச்சியில் ஒரு கோழித்தீவனக் கடைக்காரர் எடுத்தார்.

"அட, நீங்களாவது கூப்பிட்டீங்களே! அஞ்சு வருசமா உங்க போனெல்லாம் எனக்குத்தானுங்க வருது. எப்பவாச்சும் ஒருத்தர் கூப்பிட்டுப் புல்லு கேப்பாங்க. இது தீவனக் கடைங்கன்னு சொல்லி வெச்சுருவேன்."

கடைசி எண் ஒன்பதாக இருக்க வேண்டியது ஆறாக இருந்தது. திருத்தினேன். இதெல்லாம் எழுத்தர் வேலை. உண்மையான வியூகம் நாளை தொடங்கும்.

பிப்ரவரி 8, சனி

முகப்புப் பக்கத்துக்கு எழுதி முடித்தேன். 'இயற்கையின் மடியில் இளைப்பாறும் இல்லம். பசுமை எங்கள் மூச்சு. உங்கள் புன்னகை எங்கள் விதை.' விதை என்ற சொல்லுக்கு மட்டும் அரை நாள் ஆயிற்று.

படங்களை இணையத்தில் விலைக்கு வாங்கினேன். ஏதோ குளிர்தேசத்துப் புல்வெளி, வெள்ளை நாற்காலிகள், பொன்னிறத்தில் ஒரு நாய். நர்சரிக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். கிருபாவிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு மேஸ்திரி ருக்குமணி, ஐம்பது வயதிருக்கும். கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

"இது யாரு வூட்டு நாய்ங்க சார்?"

கிருபா முழுவதையும் நிதானமாகப் படித்தான். "நெம்ப நல்லா இருக்குதுங்க மாமா. நாம என்ன வேலை செய்யறோம்ங்கறது எங்கீங்க வருது?"

கீழே வரும் என்றேன். கீழே வரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வெப்சைட் வெளியாகி மூன்று நாள் ஆகிறது. வந்து பார்த்தவர்கள் முப்பத்து நான்கு பேர். அதில் முப்பத்தொன்று நான்.

தினமும் காலையில் பழைய ஆபீசுக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்குப் போய் டீ குடித்துவிட்டு வருகிறேன். அங்கே டீ நன்றாக இருக்கும், அதனால்தான். வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்.

பிப்ரவரி 15, சனி

முதல் என்கொயரி! படிவத்தில் வந்தது அப்படியே:

'பெயர்: மஞ்சுளா. ஊர்: வடவள்ளி. உங்கள் வெப்சைட்டு மிகவும் அருமையாக உள்ளது. எழுதியவர் யார் என்று தெரியவில்லை, நல்ல திறமைசாலி. தோட்டம் பற்றிப் பிறகு பேசுவோம்.'

வசந்தமணியிடம் மூன்று முறை படித்துக் காட்டினேன். "அப்படிங்களா?" என்று மூன்று முறையும் கேட்டாள். பணியாரம் சுட்டாள். பள்ளிக்கூட ஆபீசிலிருந்து களைத்து வந்து பணியாரம் சுடுவதென்றால் அவளுக்கும் என் வெற்றியில் எவ்வளவு மகிழ்ச்சி!

பிப்ரவரி 20, வியாழன்

இதுவரை ஐந்து என்கொயரிகள். ராமசாமி என்பவர் 'ஏனுங்க சார், படமெல்லாம் சூப்பருங்க, நாய் நெம்ப அழகு' என்று எழுதியிருக்கிறார். மக்களின் மொழி!

ஒவ்வொன்றையும் கிருபாவுக்கு அனுப்பிவிட்டு, பேசினாயா என்று கேட்கிறேன். "பேசீட்டேனுங்க மாமா. ஆடிக்கு அப்புறமேட்டுக்குப் பாத்துக்கலாங்கறாங்க" என்கிறான். ஐந்து பேருமே ஆடிக்குப் பிறகாம். இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை வெளிப்படுகிறது: தோட்டத் தொழிலில் வாடிக்கையாளர்கள் ஆடிக்குப் பிறகுதான் முடிவெடுக்கிறார்கள். வரைபடம் ஒன்று தயாரித்தேன். இரண்டு நிறங்களில்.

பிப்ரவரி 24, திங்கள்

வரைபடத்தை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். கிருபா இல்லை. ருக்குமணிதான் நாற்றுப் பைகளில் தென்னை நார்க்கழிவு நிரப்பிக்கொண்டிருந்தார். அவருக்கே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆடி வரைக்கும் நாங்க இருப்பமான்னே தெரீலீங்களே சார்" என்றார்.

பிறகுதான் விஷயம் வந்தது. அவிநாசி ரோட்டில் இருநூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் தோட்டப் பராமரிப்புதான் ஒன்பது வருடமாகக் கிருபாவின் தொழிலைத் தாங்கி நிற்கிறது. அங்கே சங்கத்துக்குப் புதிய நிர்வாகிகள் வந்திருக்கிறார்கள். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மார்ச் முப்பத்தொன்றுதான் கடைசி நாள்.

"உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"தெரியும், தெரியும்" என்றேன்.

விளம்பரப் பொறுப்பில் இருப்பவனிடம் இதை மறைத்தது தொழில் முறையல்ல. எனக்குக் கோபம்தான், வேறு ஒன்றுமில்லை. வரைபடத்தை நார்க்கழிவு மூட்டைமேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 1, சனி

இருந்தது.

வியாழக்கிழமை ஒரு முடிவெடுத்தேன். ஆடி வரை காத்திருக்க நேரமில்லை. என்கொயரி அனுப்பியவர்களிடம் நானே பேசி வேலையை முன்னதாகவே வாங்கிவிடுவது. தொண்டையைச் செருமிக்கொண்டு ராமசாமியைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சார்" என்றார் ருக்குமணி. "செம்மண்ணு ரெண்டு லோடும் எறக்கியாச்சுங்க. சார்தானுங்களே?"

வைத்துவிட்டேன். மஞ்சுளாவின் எண்ணைப் போட்டேன். எங்கள் சமையலறையில், மேல் தட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால், வசந்தமணியின் பழைய போன் அடித்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் போய் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். திரையில் என் பெயர் வந்தது. நானே என்னைக் கூப்பிட்டு, நானே எடுக்காமல் நின்றேன்.

சாயங்காலம் வசந்தமணி வந்ததும் மேசைமேல் அந்தப் போனை வைத்தேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் பேசினாள்.

"உங்களுக்கு வேலை குடுக்கச் சொல்லி நாந்தானுங்க கிருபாகிட்டச் சொன்னேன். அஞ்சும் நாங்க அனுப்புனதுதான். ரெண்டு ருக்குமணி, மூணு நானு."

"அப்ப இந்த வேலையே பொய்தானா?"

"வேலை நெசமுங்க. என்கொயரிதான் பொய்யி. நாலு மாசமா நீங்க வாயத் தொறக்கலீங்க. சோத்துல உப்பில்லைன்னாக்கூடச் சொல்லலை. கிருபா வந்துட்டுப் போன மறுநா மீசையத் திருத்துனீங்க. அதக் கெடுக்க வேண்டாம்னு பாத்தேன்."

எழுத்து நடையைப் புகழ்ந்த அந்த வரி யாருடையது என்று மட்டும் கேட்டேன். அவளுடையதுதானாம். "அது பொய்யில்லீங்க" என்றாள்.

அந்த என்கொயரியில் 'வெப்சைட்டு' என்று கடைசியில் ஒரு 'டு' கூடுதலாக இருந்ததை நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். இருபது வருடமாக அவளுடைய மளிகைப் பட்டியலில் 'பிஸ்கட்டு', 'சாக்லேட்டு' எல்லாம் அப்படித்தான் வருகிறது. உள்ளடக்கப் பிரிவின் தலைவர்!

மார்ச் 4, செவ்வாய்

மூன்று நாளாக மடிக்கணினியைத் திறக்கவில்லை. சாயங்காலம் கிருபா வந்தான். மன்னிப்பு என்ற பேச்சே எடுக்கவில்லை. "மாமா, நாளைக்கு ரெண்டு எடம் போகோணும். வண்டி ஓட்டற ஆளுக்குக் காய்ச்சல். நீங்க வாரீங்களா?" என்றான்.

டிரைவர் வேலை. என் தகுதிக்கு... வேண்டாம், இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. போகிறேன்.

மார்ச் 5, புதன்

முதல் இடம் வடவள்ளியில் புதிதாகக் கட்டிய வீடு. (மஞ்சுளா இல்லை, விசாரித்துவிட்டேன்.) பின்பக்கம் மூன்று பெரிய மாமரங்கள். அதற்கடியில் கம்பளம் விரித்ததுபோலப் புல் வேண்டும் என்றார் வீட்டுக்காரர். கிருபா அண்ணாந்து மரத்தைப் பார்த்தான், குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தான்.

"புல்லு வராதுங்க. இந்த நெழலுக்கு ஆறு மாசத்துல செத்துரும். நெழலு தாங்கற செடி வெச்சு, நடுவுல கல்லுப் பாதை போட்டுக் குடுக்கறனுங்க."

"முடியாதுன்னா சொல்லீட்டுப் போங்க. செய்யறவன் இருக்கான்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்காகவும் நான் தவம் கிடக்க, இவன் கைக்கு வந்தவரை அனுப்பிவிட்டு வருகிறான்! சிக்னலில் நிறுத்திவிட்டுத் திட்டினேன். அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஏழு வருசத்துக்கு முன்னால ஒருத்தருக்கு, சாகும்னு தெரிஞ்சேதான் புல்லு வெச்சுக் குடுத்தேனுங்க மாமா. அப்பக் கொஞ்சம் கஷ்டம், வேலை வேண்டியிருந்துச்சு. செத்துப் போச்சு. அவரு ஒரு வார்த்தை திட்டலை. இன்னிக்கும் ரோட்டுல பாத்தா, 'எப்படிப்பா இருக்கறே'ன்னு சிரிச்சுட்டுக் கேப்பாரு. அதுக்கு அவரு நாலு அறை அறைஞ்சிருக்கலாம்."

பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

இரண்டாவது இடத்தில் புல்வெளியில் கோரை முளைத்திருந்தது. ஆள் போதவில்லை என்று என்னையும் உட்கார வைத்தார்கள். நான் இழுத்ததெல்லாம் மேலே அறுந்து வந்தது. ருக்குமணி சின்ன ஆணி போன்ற ஒரு கம்பியை மண்ணுக்குள் விட்டு, அடியில் மணி மணியாகக் கிடந்த கிழங்கோடு எடுத்துக் காட்டினார். "மேல அறுத்தா ஒண்ணு பத்தாகுமுங்க சார். கெழங்கு வந்தாத்தான் வந்த மாதிரி." மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் ஒரு கூடை எடுத்தார்கள். நான் இரண்டு மணி நேரத்தில் ஒரு கைப்பிடி எடுத்தேன். எழுந்து நிற்க இருவர் கை கொடுத்தார்கள்.

ஆனால் வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். உப்புத் தண்ணிக்கு எது தாங்கும்? இரண்டு வருடம் கழித்து எது அழகாக இருக்கும்? ஆட்கள் உங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி எது? கிருபா ஒன்றரை மணி நேரம் பேசினான். இருபது வருடத்தில் நான் அவனிடம் கேட்ட முதல் கேள்விகள் அவை. அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இடுப்பு கழன்று விழுகிறது. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மார்ச் 10, திங்கள்

நாயை நீக்கிவிட்டேன். 'உங்கள் புன்னகை எங்கள் விதை'யும் போயிற்று. அரை நாள் உழைப்பு.

புதிய பக்கத்தின் தலைப்பு: 'உங்கள் வீட்டில் ஏன் புல் வரவில்லை?' கிருபா சொன்னதை அவன் சொன்னபடியே எழுதினேன். நிழல், உப்புத் தண்ணீர், கட்டட வேலை முடிந்து மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கும் சிமெண்டுக் கட்டிகள். எந்த இடத்துக்கு என்ன வைக்கலாம், அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும். நந்தியாவட்டை, அரளி, மருதாணி எல்லாம் எங்கள் ஆட்கள் வைத்த இடத்திலேயே எடுத்த படங்கள். ருக்குமணியின் படமும் பெயரும் உண்டு. படம் எடுக்கவென்று வீட்டுக்குப் போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் புடவையோடே கோரை எடுப்பதுபோல உட்கார்ந்தார்.

ஏழு வருடத்துக்கு முன்பு செத்த புல்வெளியின் படம் கிருபாவின் போனில் இருந்தது. அதையும் போடவேண்டும் என்றேன். அவன் முகம் மாறிவிட்டது.

"செத்த புல்லப் போட்டா யாருங்க மாமா வருவாங்க?"

"தெரியலை மாப்ளே. உயிரோட இருக்கற புல்லு எல்லார் வெப்சைட்லயும் இருக்குது. அதப் பாத்து ஒருத்தரும் வரலை."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அவரு வூட்டு நெம்பரு தெரியாமப் போடுங்க" என்றான்.

மார்ச் 17, திங்கள்

ஒரு போன் வந்தது. பிலோமினா என்று ஓர் அம்மாள். சூலூர் பக்கம் பிசியோதெரபி மையம் நடத்துகிறாராம். உங்கள் பக்கத்தைப் படித்தேன், ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார்.

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மறுபடியுமா! என் ரத்தம் கொதித்தது.

"உண்மையச் சொல்லுங்க, வசந்தமணி உங்களுக்கு என்ன வேணும்? அவ ஸ்கூல்ல வேலை பாக்கறீங்களா?"

"யாருங்க வசந்தமணி? இது லேண்ட்ஸ்கேப் கம்பெனிதானே?"

"எனக்கு எல்லாம் தெரியும்மா. இந்த நாடகம் ஒரு தடவைதான் செல்லும்."

வைத்துவிட்டார்.

வசந்தமணி வந்ததும் சொன்னேன். அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டு, "ஏனுங்க, எனக்குப் பிலோமினாங்கற பேருல ஒருத்தரையும் தெரியாதுங்க" என்றாள். பொய் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்கமாட்டாள். இப்போது நேராகப் பார்த்தாள்.

வெப்சைட்டை நம்பி வந்த முதல் வாடிக்கையாளரை நானே மிரட்டித் துரத்திவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

சூலூருக்குப் போனேன். கிருபாவும் வந்தான், "மாமா, நீங்க பேச வேண்டாம்" என்ற நிபந்தனையோடு. ஆனால் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது. வேலை போனது, பொய் என்கொயரி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் அடித்த போன் என எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் சொன்னேன். ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு பின்பக்கத்தைக் காட்டினார். வெட்டவெளி. வெயிலில் கண் கூசியது. "மூணு பேர் வந்து புல்லு வெச்சாங்க. மூணும் காஞ்சு போச்சு. ஏன்னு கேட்டா ஒருத்தரும் சொல்லல. நீங்க அந்தப் படத்தப் போட்டு எழுதியிருந்தீங்க பாருங்க, அப்படியே எங்க எடம்தான்."

கிருபா போர்வெல் தண்ணீரை ஒரு வாய் ஊற்றிப் பார்த்துத் துப்பினான்; உப்பு. "புல்லு வேண்டாமுங்க. மரம் வெக்கலாம்" என்றான்.

அந்த அம்மாள் அதற்குத் தலையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது.

மார்ச் 26, புதன்

மேலும் நான்கு அழைப்புகள். யாரையும் விசாரிக்கவில்லை. வசந்தமணியின் பழைய போனை மட்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

பேக்கரிக்குப் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. டீ அங்கே அப்படியொன்றும் நன்றாக இருக்காது.

மார்ச் 31, திங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் கடைசி நாள். அதைக் காப்பாற்ற என் எழுத்தால் முடியவில்லை. சங்கத் தலைவருக்கு நான் எழுதிய நீண்ட கடிதத்துக்கு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு படம் பதிலாக வந்தது.

பெங்களூர்க் கம்பெனி ஆட்கள் சீருடையில் வந்து இறங்கினார்கள். ருக்குமணி அவர்களுடைய மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் காட்டினார். எந்தக் குழாய் ஒழுகும், எந்தச் செடிக்குத் தண்ணீர் அதிகம் விட்டால் அழுகும், எந்த மூலையில் கோரை மறுபடி வரும் என்று ஒன்று விடாமல் சொன்னார். ஒன்றும் சொல்லாமல் வந்திருக்கலாமே என்று நான் கேட்டேன்.

"செடி என்னங்க சார் பண்ணுச்சு?" என்றார்.

ஏழு பேரையும் அழைத்துக் கிருபா பேசினான். இருக்கிற வேலை மூன்று மாதத்துக்கு வரும். அதற்குப் பிறகு என்னவென்று தெரியாது. வேறு இடம் கிடைத்தால் போகலாம், தப்பாக நினைக்கமாட்டேன். ஒருவர் மட்டும் அண்ணன் மகன் கடைக்குப் போவதாகச் சொன்னார். மற்ற ஆறு பேரும் நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டார்கள். காய்ச்சலில் போன டிரைவர் திரும்பி வராததால் வண்டி ஓட்டுகிறவன் நான்; எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏழரை என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சூலூரில் இன்று மரங்களுக்கு இடம் குறித்தோம். கட்டடத்திலிருந்து பின்சுவர் வரை ஒரு நடைபாதை, அதன் ஓரம் முழுக்கப் புங்கன். எத்தனை அடிக்கு ஒரு மரம் என்று கிருபா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பிலோமினா அம்மாள் தடுத்தார். "அடி கணக்கு வேண்டாங்க. இங்க வர்றவங்க நடக்கற கணக்குல வைங்க."

தேவசகாயம் என்று ஒருவர். பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு மாதமாக உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகுகிறாராம். வெளியே வருவது இதுதான் முதல் தடவை. இடது கையில் ஊன்றுகோல். அவர் எங்கே களைத்து நிற்கிறாரோ அங்கே ஒரு குச்சி ஊன்ற வேண்டும். அங்கே நிழலும் ஒரு பெஞ்சும் வரும். குச்சிக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நடப்பது என் வேலை. இதைவிடப் பொறுப்பான வேலைகளைக் கிருபா மற்றவர்களுக்குக் கொடுத்திருந்தான்.

அவர் நடந்தார். நான் எண்ணிக்கொண்டே போனேன். பதினோராவது எட்டில் நின்றார். கழுத்தெல்லாம் வியர்வை. ருக்குமணி என்னிடமிருந்து ஒரு குச்சியை வாங்கி, அவர் காலுக்குப் பக்கத்தில் ஊன்றிச் சுத்தியலை ஓங்கினார்.

தேவசகாயம் குச்சியைப் பார்த்தார். பிறகு எதிரே கிடந்த வெட்டவெளியைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததால் சொல் வருவதற்கு நேரம் ஆயிற்று.

"இரும்மா. அடிச்சுராத."

இடது காலை முன்னே வைத்தார். வலது காலை இழுத்துக்கொண்டார். இன்னொரு முறை. ருக்குமணி குச்சியைப் பிடுங்கிக்கொண்டு குனிந்தபடியே அவர் பின்னால் நகர்ந்தார். ஏணிமேல் ஏறிக் குழாயைப் பூட்டிக்கொண்டிருந்த கிருபா அப்படியே நின்று பார்த்தான். மற்ற ஐந்து பேரும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

பதினாறில் நின்று, "இங்க" என்றார்.

வெப்சைட்டுக்குப் படம் எடுக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அவர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்; கனமான கை. ருக்குமணி குச்சியை அடித்து இறக்கும்வரை நான் அசையாமல் நின்றேன்.